சைக்கிள் வாங்கினால் வரி மிச்சமாமே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. அலுவலகத்தில் கேட்பது போதாது என்று பிறந்தநாள் விழா, கோயில் வரிசை, பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வாசல் என்று போகிற இடமெல்லாம் வேலைக்குப் போய்வரக் கம்பெனி மூலம் சைக்கிள் எடுக்கும் இந்த ‘சைக்கிள் டு வொர்க்’ திட்டத்தைப் பற்றி யாராவது கேட்கிறார்கள். பாதிப் பேர் சேருவதற்கு முன் கேட்கிறார்கள். மீதிப் பேர் எதிர்பாராத ஒரு தொகை பேஸ்லிப்பில் (சம்பளச் சீட்டில்) பிடிக்கப்பட்ட பிறகு வருகிறார்கள். இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் முக்கியமாக இதை எழுதினேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எண்கள் எல்லாம் 2025-26 வரி ஆண்டுக்கானவை.

1. கம்பெனி சைக்கிள் தருகிறதாம். இலவசமா?

இல்லை. கம்பெனி உங்களுக்கு சைக்கிளை இரவல் தருகிறது, அதற்கான வாடகையை உங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. வழக்கமாகப் பன்னிரண்டு மாதம். கடையில் நீங்களே சைக்கிளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், பில் கம்பெனியின் பேரிலோ திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் பேரிலோ போகிறது. ஹெல்மெட், விளக்கு, பூட்டு, மட்கார்டு போன்றவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1999-இல் வந்த சலுகை இது. இப்போது 2003-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 244-ஆவது பிரிவில் இருக்கிறது. வேலை கொடுப்பவர் இரவல் தரும் சைக்கிளுக்கு, சில நிபந்தனைகள் நிறைவேறினால், ஊழியர் வரி கட்ட வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். ‘இரவல்’ என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் சிக்கல்களில் முக்கால்வாசி அந்த ஒரு சொல்லிலிருந்து கிளம்புபவைதான்.

2. என் சம்பளத்திலிருந்துதானே பிடிக்கிறார்கள்? அப்புறம் எனக்கு என்ன லாபம்?

எங்கே பிடிக்கிறார்கள் என்பதில்தான் லாபம். வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் (அரசு ஓய்வூதியம் போன்றவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தொகை) கணக்கிடுவதற்கு முன்பே வாடகை கழிக்கப்படுகிறது. சட்டப்படி நீங்கள் வாடகை கட்டுவதில்லை, உதாரணமாக மாதம் 100 பவுண்டு சம்பளம் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கிறீர்கள். வாங்காத சம்பளத்துக்கு வரி கிடையாது. இதைத்தான் ‘சேலரி சாக்ரிஃபைஸ்’ என்கிறார்கள்.

பேஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே கழித்தல் குறியோடு சைக்கிளுக்கென்று ஒரு தொகை இருக்க வேண்டும், வரிக்குரிய சம்பளம் என்ற தொகையும் அந்த 100 பவுண்டு அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். மாறாக, வருமான வரி, நேஷனல் இன்சூரன்ஸ், பென்ஷன் எல்லாம் இருக்கும் பிடித்தங்கள் பத்தியில் சைக்கிளும் உட்கார்ந்திருந்து, வரிக்குரிய சம்பளம் பழையபடியே இருந்தால், உங்களுக்கு ஒரு பைசா மிச்சமில்லை. புது ஆள் பேரோலில் தவறான குறியீட்டைப் போட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். முதல் மாதமே பார்த்துச் சொன்னால் ஒரு நிமிடத்தில் சரிசெய்யலாம். வரி ஆண்டு முடிந்து சொன்னால் அது பெரிய வேலை.

3. விளம்பரத்தில் 42 சதவீதம் மிச்சம் என்று போட்டிருக்கிறதே, உண்மையா?

பாதி உண்மை. 20 சதவீத வரி கட்டுபவருக்கு வரி 20, நேஷனல் இன்சூரன்ஸ் 8, ஆக 28. ஆண்டுக்கு 50,270 பவுண்டுக்கு மேல் வாங்குபவருக்கு வரி 40, இன்சூரன்ஸ் 2, ஆக 42. ஸ்காட்லாந்தில் வருமான வரி விகிதங்கள் வேறு. அங்கே 43,663 பவுண்டைத் தாண்டினாலே 42 சதவீத வரி, 50,270 வரை 8 சதவீத இன்சூரன்ஸும் உண்டு. அந்த இடைவெளியில் சம்பளம் உள்ளவருக்குச் சரிபாதி மிச்சம்.

1,200 பவுண்டு சைக்கிள் என்று வைத்துக்கொள்வோம், கடைசி வரை இதே உதாரணம்தான். மாதம் 100 பவுண்டு விட்டுக்கொடுக்கிறீர்கள். 28 சதவீதக்காரரின் கைக்கு வரும் சம்பளத்தில் 72 பவுண்டு குறையும், பன்னிரண்டு மாதத்தில் 864. 42 சதவீதக்காரருக்கு 58 வீதம் 696. விளம்பரம் இந்த இடத்தோடு நின்றுவிடும். கணக்கு நிற்காது, அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

4. பன்னிரண்டு மாதமும் கட்டி முடித்துவிட்டேன் அண்ணா. இனி சைக்கிள் என்னுடையதுதானே?

இல்லை தம்பி. நீ கட்டியது ஒரு வருட வாடகை. சைக்கிள் இன்னமும் கம்பெனிக்கோ திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கோதான் சொந்தம்.

சொந்தமாக்கிக்கொள்ள வேண்டுமானால் அன்றைய சந்தை மதிப்பைக் கொடுத்து வாங்க வேண்டும். அந்த மதிப்பு என்ன என்பதில் முன்பு ஆளுக்கொரு கணக்கு இருந்தது, பெயருக்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு கொடுத்தவர்கள் நிறைய. 2010-இல் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. ஒரு பட்டியல் போட்டது. வாங்கியபோது 500 பவுண்டும் அதற்கு மேலும் இருந்த சைக்கிளுக்கு ஒரு வருடத்தில் விலையில் 25 சதவீதம், ஒன்றரை வருடத்தில் 21, இரண்டு வருடத்தில் 17, மூன்றில் 12, நான்கில் 7, ஐந்தில் 2. ஆறாவது வருடம் ஒன்றுமில்லை. 500-க்குக் குறைந்த சைக்கிளுக்கு இதே வரிசையில் 18, 16, 13, 8, 3, ஐந்தாம் வருடமே ஒன்றுமில்லை.

இப்போது கணக்கைப் பார். 864 கட்டினாய். ஒரு வருட முடிவில் வாங்கினால் இன்னும் 300. மொத்தம் 1,164. கடை விலையைவிட வெறும் 36 பவுண்டு குறைவு. ஒரு வருடம் படிவம், கையெழுத்து, காத்திருப்பு எல்லாம் பட்டதற்கு 36 பவுண்டு! இந்த இடத்தில்தான் பலர் என்னிடம் குரலை உயர்த்துகிறார்கள். இன்னொன்றும் கவனி. விலை 490-ஆ 510-ஆ என்பது அற்ப வித்தியாசம் போலத் தெரியும். ஒரு வருட முடிவில் அதுவே 88 பவுண்டுக்கும் 127 பவுண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

5. ஏழு சதவீதம் டெபாசிட் கட்டினால் போதும் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஏமாற்று வேலையா?

ஏமாற்று இல்லை. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழியே அதுதான். முதல் வருடம் முடிந்ததும் சைக்கிளை விற்காமல், மேலும் மூன்று வருடம் உங்களிடமே பயன்பாட்டுக்கு விடுகிறார்கள். மாத வாடகை கிடையாது. திருப்பித் தரத்தக்க டெபாசிட் மட்டும், 500-க்குக் குறைந்த சைக்கிளுக்கு 3 சதவீதம், மற்றதற்கு 7. மேலே உள்ள பட்டியலில் நான்காம் வருட எண்களைப் பாருங்கள், அதே 3, அதே 7. நான்கு வருடம் முடிந்ததும் டெபாசிட்டை அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள், நீங்கள் சைக்கிளை வைத்துக்கொள்கிறீர்கள். மதிப்பும் கொடுத்த பணமும் சமம் என்பதால் வரி எழாது.

நம் உதாரணத்தில் டெபாசிட் 84. மொத்தச் செலவு 948, மிச்சம் 252, அதாவது 21 சதவீதம். 42 சதவீதக்காரருக்கு 780, மிச்சம் 420, அதாவது 35 சதவீதம். விளம்பரக் கணக்கின் 28, 42 என்பவை நடைமுறையில் 21, 35 ஆகின்றன. எல்லாத் திட்டங்களிலும் இந்த வழி இருக்காது. கையெழுத்துப் போடும் முன் ‘ஒரு வருடத்துக்குப் பிறகு என்ன?’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மின்னஞ்சல் வந்தால் குப்பை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பதில் போடாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.

6. எங்கள் முதலாளி நல்ல மனுஷன், “சும்மா வைத்துக்கொள்” என்று கொடுத்துவிட்டார். அதற்குமா வரி?

அதற்கும்தான். 244-ஆவது பிரிவு இரவலுக்கு மட்டுமே விலக்குத் தருகிறது, அன்பளிப்புக்கு இல்லை. ஒரு வருடம் ஆன 1,200 பவுண்டு சைக்கிளைச் சும்மா கொடுத்தால் 300 பவுண்டு சம்பளம் போலக் கணக்கில் ஏறும். 50 பவுண்டுக்குக் கொடுத்தால் மீதி 250 ஏறும். 20 சதவீதக்காரருக்கு 300-க்கு வரி 60, 40 சதவீதக்காரருக்கு 120. முதலாளியும் தன் பங்குக்கு 15 சதவீத நேஷனல் இன்சூரன்ஸாக 45 கட்ட வேண்டும். சைக்கிள் அடிபட்டு உண்மையிலேயே 300 பெறாது என்றால், ஆதாரத்தோடு குறைந்த மதிப்பைக் காட்டத் தடையில்லை.

இதில் மனிதரைக் குழப்புவது காலதாமதம். அக்டோபர் 2025-இல் சைக்கிள் அன்பளிப்பாக உங்களுக்குச் சொந்தமாகிறது. முதலாளி அதை பி11டி படிவத்தில் 2026 ஜூலை 6-க்குள் வரித்துறைக்குச் சொன்னால் போதும். அதற்குப் பிறகு ஒருநாள் வரித்துறையிடமிருந்து கடிதம் வரும், அல்லது 1257எல் (12,570 பவுண்டு வரை வரியில்லை என்று பொருள்) என்றிருந்த உங்கள் வரிக் குறியீடு சத்தமில்லாமல் 1227எல் ஆகியிருக்கும். சைக்கிளை மறந்தே போயிருப்பீர்கள். “யாரோ என் கணக்கில் தப்புப் பண்ணிவிட்டார்கள்” என்று ஓடி வருவீர்கள்.

கூட்டிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 864-உம் 60-உம் 924. டெபாசிட் வழியின் 948-ஐவிட இது குறைவு. வரி வந்தாலும் முதலாளியின் பரிசு லாபம்தான். ஆனால் “கடைசியில் சைக்கிள் உனக்கே” என்று ஆரம்பத்திலேயே உறுதி கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது இரவல் அல்ல, தவணை முறை விற்பனை. முழுச் சலுகையும் போய்விடும்.

7. நடுவில் வேலையை விட்டால் என்ன ஆகும்?

இதை நானே பட்டிருக்கிறேன். 2016-இல் 720 பவுண்டுக்கு ஒரு சைக்கிள் எடுத்தேன், மாதம் 60. ஏழு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. கடைசிப் பேஸ்லிப்பில் மீதி ஐந்து மாதத்து 300 பவுண்டும் ஒரே கையாக, வரி கழித்த பிறகு வரும் சம்பளத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அப்போது இன்சூரன்ஸ் 12 சதவீதம் என்பதால் மாதாமாதம் கட்டியிருந்தால் அந்த 300-இல் 96 மிச்சமாகியிருக்கும். போயிற்று. ஊருக்கெல்லாம் பேஸ்லிப் விளக்குகிறவன், என் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைப் படிக்கவில்லை.

காரணம் எளிது. விட்டுக்கொடுக்கச் சம்பளமே இல்லாதபோது சம்பளத்தை விட்டுக்கொடுக்க முடியாது. மீதி வாடகை வெறும் கடனாகிவிடுகிறது. நம் உதாரணத்தில் ஐந்தாம் மாதம் விலகினால் கட்டியது 360, மீதி 700. ஆக 1,060. அதற்கு மேல் சொந்தமாக்கும் தொகை வேறு. 84 டெபாசிட்டோடு போக விட்டால் 1,144. ஒரு வருட மதிப்பான 300-ஐக் கேட்டால் 1,360. கடையில் கார்டைத் தேய்த்து வாங்கியிருந்தால் 1,200-தான்!

ஆட்குறைப்பில் போகிறவர்களுக்குச் சில கம்பெனிகள் மீதியைத் தள்ளுபடி செய்கின்றன. தள்ளுபடி செய்து சைக்கிளையும் கொடுத்தால் ஆறாம் கேள்விக்குச் சொன்னது பொருந்தும். வேலை மாறும் எண்ணம் மனதில் ஓடிக்கொண்டிருந்தால், சைக்கிளைப் புது இடத்தில் எடுங்கள்.

8. வாட் வரியும் மிச்சமாகும் என்று மச்சான் அடித்துச் சொல்கிறார். அவர் அப்படித்தான் வாங்கினாராம்.

மச்சான் 2011-க்குள் வாங்கியிருப்பார், கேட்டுப் பாருங்கள். அப்போது கம்பெனிகள் சைக்கிள் விலையில் சேர்ந்திருக்கும் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெற்று, அந்த லாபத்தையும் ஊழியருக்குக் கொடுத்தன. 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அஸ்ட்ராஜெனிகா வழக்கில், சம்பளத்தை விட்டுக்கொடுத்துப் பெறும் பொருளும் விற்பனைதான், அதற்கு வாட் உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு கடைகளின் பரிசு வவுச்சர்களைப் பற்றியது. இடி விழுந்தது சைக்கிளின் மேலும். 2012 ஜனவரி 1 முதல் நீங்கள் விட்டுக்கொடுக்கும் தொகைக்குக் கம்பெனி வாட் கட்டுகிறது. அதனால் கணக்கை வாட் சேர்த்த விலையில்தான் போட வேண்டும்.

9. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. சனி ஞாயிறு பூங்காவில் ஓட்டுவேன். வரித்துறை பிடிக்குமா?

நிபந்தனை இதுதான்: நீங்கள் சைக்கிளைப் பயன்படுத்துவதில் பாதிக்கு மேல் வேலைக்குப் போய்வரும் பயணமாக இருக்க வேண்டும். எத்தனை நாள் அலுவலகம் போகிறீர்கள் என்பது கேள்வி இல்லை. சைக்கிள் வெளியே வரும்போது எதற்காக வருகிறது என்பதே கேள்வி. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை ஓட்டினாலும் அது வேலைப் பயணத்தில் சேரும். மைல் கணக்கு எழுதி வைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

கொரோனா காலத்தில், 2020 டிசம்பர் 20-க்குள் சைக்கிள் பெற்றவர்களுக்கு 2022 ஏப்ரல் 5 வரை இந்த நிபந்தனை தளர்த்தப்பட்டிருந்தது. அதை இன்னமும் நினைவில் வைத்துக்கொண்டு “இப்போது அதெல்லாம் பார்ப்பதில்லை” என்பவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பார்கள். முழுக்க முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்பவர் சேர்ந்தால் விலக்கு இல்லை. விலக்கு இல்லாவிட்டால் 2017-இல் வந்த விதிப்படி, விட்டுக்கொடுத்த 1,200-க்கும் வருமான வரி போடலாம்.

10. பராமரிப்பு இல்லத்தில் வேலை, மணிக்கு 12.50. எனக்கு மட்டும் முடியாது என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். இது பாகுபாடு இல்லையா?

ஆத்திரம் புரிகிறது அக்கா, ஆனால் அவர்கள் சட்டப்படிதான் செய்திருக்கிறார்கள். விட்டுக்கொடுத்த பிறகு மிஞ்சும் சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. 21 வயது நிறைந்தவர்களுக்கு 2025-26-இல் அது மணிக்கு 12.21. வாரம் 37.5 மணி நேரம் வேலை செய்யும் உங்களுக்கு ஆண்டுச் சம்பளம் 24,375, குறைந்தபட்சம் 23,809. நடுவில் இருப்பது 565 பவுண்டு. அதற்குள் அடங்கும் சைக்கிள் என்றால் எடுக்கலாம். மீறினால் பாக்கிக் கூலியின் இருமடங்கு வரை முதலாளிக்கு அபராதம் வரலாம்.

திட்டத்தின் மீது எனக்குள்ள பெரிய குறையே இதுதான். சைக்கிள் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் கதவு சாத்தியிருக்கிறது. வாடகையை ஒன்றரை அல்லது இரண்டு வருடத்துக்கு நீட்டிக் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு, கேட்டுப் பாருங்கள். மாதத் தொகை குறைந்தால் அந்த 565-க்குள் பெரிய சைக்கிளும் அடங்கும்.

11. பகுதி நேர வேலை, வருடம் 12,000 பவுண்டுதான். நானும் சேரலாமா?

மணிக்கூலி அதிகமாக இருந்து பத்தாம் கேள்வியின் தடை இல்லை என்றால் சேரலாம். ஆனால் எதற்கு? 12,570 வரை வருமான வரியும் இல்லை, நீங்கள் கட்டும் இன்சூரன்ஸும் இல்லை. கட்டாத வரியை மிச்சம் பிடிக்க முடியாது. 1,200 முழுதாகக் கட்டி, டெபாசிட் 84-உம் சேர்ந்து 1,284 ஆகும். வட்டியில்லாத் தவணை என்பதைத் தவிர உங்களுக்கு இதில் ஒன்றுமில்லை. அந்தத் தவணையைப் பல கடைகளே தருகின்றன.

இன்னும் குறைந்த சம்பளக்காரர்கள் 6,500 என்ற எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கம்பெனியில் ஆண்டுச் சம்பளம் அதற்குக் கீழே இறங்கினால் அரசு ஓய்வூதியத்துக்கான அந்த வருடக் கணக்கு விட்டுப்போகலாம்.

12. நான் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) நர்ஸ். சைக்கிளுக்கும் பென்ஷனுக்கும் என்ன சம்பந்தம்? யாரோ பயமுறுத்துகிறார்கள்.

சம்பந்தம் உண்டு, பயம் வேண்டாம். என்.எச்.எஸ். ஓய்வூதியத்தில் விட்டுக்கொடுத்த சம்பளம் ஓய்வூதியக் கணக்கிலும் குறையும். 2015 திட்டத்தில் ஒவ்வொரு வருடச் சம்பளத்திலும் 54-இல் ஒரு பங்கு ஆண்டு ஓய்வூதியமாகச் சேர்கிறது. 1,200 குறைந்தால் 22 பவுண்டு 22 பென்ஸ் குறையும், அதுவும் ஓய்வு பெற்ற பிறகு ஆண்டுதோறும். அந்தத் தொகை வருடா வருடம் விலைவாசிக்கு மேல் வளரக்கூடியது என்பதால் இன்றைய 22 அன்றைக்குக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். உங்கள் மாதச் சந்தாவும் சற்றுக் குறையும் என்பது ஆறுதல். ஓய்வுக்குப் பின் இருபது வருடம் என்றாலே 440-க்கு மேல். ஐந்தாம் கேள்வியில் சொன்ன 252 மிச்சத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த மூத்த நர்ஸ் ஒருவர் இதைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார்.

தனியார் கம்பெனிகளில் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும் முன் இருந்த சம்பளத்தை வைத்தே பென்ஷன் போடுகிறார்கள். உங்கள் இடத்தில் எப்படி என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

13. மே மாதம் பிரசவம். இப்போது சைக்கிள் எடுத்தால் மகப்பேறு பணம் குறையுமா?

குறையலாம். முதல் ஆறு வாரத்துக்குக் கிடைப்பது சராசரி வாரச் சம்பளத்தில் 90 சதவீதம். அந்தச் சராசரி, பிரசவத்துக்குப் பதினைந்து வாரம் முன்பு முடியும் சுமார் எட்டு வாரச் சம்பளத்தை வைத்துப் போடப்படுவது. அந்த எட்டு வாரத்தில் மாதம் 100 பவுண்டு விட்டுக்கொடுத்திருந்தால் வாரத்துக்கு 23 குறையும். ஆறு வாரத்துக்கு 125 பவுண்டு அளவில் இழப்பு. மிச்சத்தில் பாதி அங்கேயே போயிற்று. அந்த எட்டு வாரம் கழிந்த பிறகு எடுத்தால் இந்த இழப்பு இல்லை.

விடுப்பில் இருக்கும்போது சட்டப்படியான மகப்பேறு பணத்திலிருந்து சைக்கிளுக்காகச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க முடியாது. தவணையை நிறுத்தி வைப்பார்களா, பிறகு நீட்டிப்பார்களா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

14. வேலை நேரத்தில் கிளைக்குக் கிளை சைக்கிளில்தான் போகிறேன். மைலுக்கு 20 பென்ஸ் வாங்கலாமாமே?

சொந்தச் சைக்கிள் என்றால் மைலுக்கு 20 பென்ஸ் வரியில்லாமல் வாங்கலாம், கம்பெனி கொடுக்காவிட்டால் வரிக் கழிவு கேட்கலாம். இரவல் சைக்கிளுக்கு இரண்டும் கிடையாது. நாலாம் கேள்வியின் பதில்தான் காரணம்: அது இன்னும் உங்களுடையது இல்லை. டெபாசிட் வழியில் போனவர்களுக்கு நான்கு வருடமும் இதே கதை. வேலைக்காகவே தினம் பத்து மைல் மிதிப்பவர் இதையும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

15. 3,000 பவுண்டு மின்சாரச் சைக்கிள் எடுக்கலாமா? 1,000-தான் உச்சவரம்பு என்றார்களே.

ஆயிரம் என்பது வரிச்சட்டத்தின் வரம்பே இல்லை, கடன் ஒழுங்குமுறையால் வந்தது. 2019-இல் வழிகாட்டுதல் மாறிய பிறகு உரிமம் பெற்ற நிறுவனம் நடத்தும் திட்டத்தில் அதற்கு மேலும் எடுக்கலாம். உங்கள் கம்பெனி தனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கலாம். மின்சாரச் சைக்கிள் 250 வாட் மோட்டாருக்குள்ளும், மணிக்கு 15.5 மைல் வேகத்தில் மோட்டார் உதவி நின்றுவிடுவதாகவும் இருந்தால்தான் சட்டத்தின் கண்ணில் சைக்கிள். மின்சார ஸ்கூட்டருக்கு இடமில்லை.

விலை ஏறினால் இதுவரை சொன்ன பொறிகள் எல்லாம் அதே அளவில் பெரிதாகும். 3,000-க்கு ஒரு வருட மதிப்பு 750. ஐந்தாம் மாதம் வேலையை விட்டால் வரி கழித்த பணத்தில் 1,750 ஒரே மாதத்தில் போகும். சில கடைசிப் பேஸ்லிப்களில் அவ்வளவு சம்பளமே இருக்காது.

16. வருமானம் 60,000-க்கு மேல். யாருக்கும் இதில் நல்ல செய்தியே இல்லையா?

உங்களுக்குத்தான் இருக்கிறது. 60,000-ஐத் தாண்டினால் ஒவ்வொரு 200 பவுண்டுக்கும் அரசு தரும் குழந்தைப் பணத்தில் ஒரு சதவீதம் பிடுங்கப்படும். 1,200 விட்டுக்கொடுத்தால் ஆறு சதவீதம் தப்பும். இரண்டு பிள்ளைகள் என்றால் 135 பவுண்டு அளவில் கூடுதல் மிச்சம். 1,00,000-க்கும் 1,25,140-க்கும் நடுவில் இருப்பவருக்கு இன்னும் ஜாக்பாட்: தனிநபர் கழிவு (வரியில்லாத 12,570) கரைவதால் மிச்சம் 62 சதவீதம் வரை போகும். பத்தாம் கேள்வி அக்காவுக்குக் கதவு சாத்திய அதே திட்டம்தான் இது.

17. கடையில் 20 சதவீதத் தள்ளுபடி ஓடுகிறது. எது மேல்?

28 சதவீதக்காரர் என்றால் தள்ளுபடியில் நேராக வாங்குங்கள். 1,200 சைக்கிள் 960-க்கு வருகிறது, திட்டத்தில் 948. பன்னிரண்டு பவுண்டுக்காக நான்கு வருடம் இரவல் சைக்கிளில் போவானேன்? தள்ளுபடிச் சைக்கிளைத் திட்டத்திலேயே எடுக்கலாமே என்று தோன்றும். திட்டத்தை நடத்துபவர்களுக்குக் கடை கமிஷன் கொடுக்க வேண்டியிருப்பதால், பல கடைகள் தள்ளுபடிப் பொருளைத் தருவதில்லை, அல்லது மேலே ஒரு தொகை கேட்கும்.

ஒன்று விசாரியுங்கள். நீங்கள் விட்டுக்கொடுக்கும் 1,200-இல் கம்பெனிக்கும் 15 சதவீத இன்சூரன்ஸாக 180 பவுண்டு மிச்சம். அதில் பங்கு தருகிறார்களா என்று கேட்பதில் வெட்கம் இல்லை. எங்கள் அலுவலகத்தில் கேட்டவர் ஒரே ஒருவர்தான், அவருக்கு டெபாசிட்டைக் கம்பெனியே கட்டியது.

18. சைக்கிள் களவு போயிட்டுது. இனியும் காசு கட்ட வேணுமோ?

கட்டத்தான் வேண்டும். வாடகை முழுவதற்கும் பொறுப்பு உங்களுடையது, காப்பீடும் உங்கள் பொறுப்பு. காப்பீட்டில் மாற்றுச் சைக்கிள் வந்தால் ஒப்பந்தம் தொடர வழி இருக்கலாம், உடனே தெரிவியுங்கள். இரவலாகத் தர சைக்கிளே இல்லை என்றாகிவிட்டால் விலக்கும் நின்றுவிடும், மீதித் தொகை ஏழாம் கேள்வியில் சொன்னதுபோல வரி கழித்த சம்பளத்திலிருந்துதான். வீட்டுக் காப்பீட்டில் சைக்கிள் அடங்குகிறதா, எத்தனை பவுண்டு வரை என்று இன்றிரவே பாருங்கள். பூட்டின் ரசீதையும் வைத்திருங்கள், அதைக் கேட்பார்கள்.

19. டிசம்பரில் ஊருக்குப் போறம். சைக்கிளைக் கழட்டிப் பெட்டியில போட்டு யாழ்ப்பாணத்தில தம்பியிட்ட குடுத்திட்டு வரலாமோ?

எப்போது எடுத்தீர்கள்? 2025 மார்ச் என்றால் அது இன்னும் கம்பெனியின் சைக்கிள். டெபாசிட் வழியில் போனால் 2029 மார்ச்சில்தான் உங்களுடையதாகும். அதுவரை தம்பிக்கு அங்கேயே ஒரு லுமாலா சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.